யார் சுருதி கொடுப்பது

1996 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். ஞாயிறு மேடை இருந்தால் சனி மாலையே பூசைக்குப் போய்விடுவது என் ஒழுங்கு. அதனால் காலை முழுவதும் என் கையில் இருந்தது. தேநீர் போட்டேன். முந்தின வாரம் பாவித்த மைக்குகளின் வலைமூடிகளைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் அலசி, சமையலறைச் சன்னலோரம் துணி விரித்துக் கவிழ்த்து வைத்தேன். பாடுகிறவரின் உதட்டுக்கு மிக அருகே போகிற பொருள் அதுதான். அதைக் கழுவாமல் மேடைக்குக் கொண்டுபோகிறவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் அவரிடம் நான் வேலை கற்கமாட்டேன். பிறகு ஹில்ஸ்பரோவில் இருக்கிற என் வீட்டுக் கராஜைத் திறந்து ஒலிச் சாமான்களை என் வான் வண்டியில் ஏற்றினேன். கடைசியாகத் தேவைப்படுவது முதலில் உள்ளே போகும். முதலில் தேவைப்படுவது கதவோரம் இருக்கும். மனைவி மீன் சான்ட்விச் சுற்றித் தந்தார். வெயில் ஏறுவதற்கு முன் புறப்பட்டேன். மற்ற மேடை நாட்களைப் போலத்தான் அன்றும் தொடங்கியது.

ஒலித்துறைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கைமாரே, உங்களில் பலருக்குத் தமிழ் வாசிப்பது சிரமம் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் கொடுங்கள், வாசித்துச் சொல்லுவார். வார இறுதிகளில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று அவருக்கும் கொஞ்சம் விளங்கும். ஒலிக்கலவை மேசையில் எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று நான் எழுதப் போவதில்லை. என் காலத்துப் பொத்தான்கள் இப்போது அருங்காட்சியகத்துக்குப் போகும் வயதில் இருக்கின்றன. நெருக்கடி வந்தால் யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் விடுவது என்பது மட்டும் அன்றைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கிறது. அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதுகிறேன்.

அன்று பாடியவர்கள் மூன்று பேர். ஹேமி வடக்கிலிருந்து நகரத்துக்கு வந்த, இந்த நாட்டுப் பூர்வகுடி மாவோரிக்காரர். சியோனே சின்ன வயதில் சமோவாவிலிருந்து வந்தவர். சாமி என்கிற முனுசாமி ஃபிஜியில் நாடிப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து கப்பலேறியவர். மூன்று பேரும் ஈஸ்ட் டாமாக்கியில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தார்கள். எழுபதுகளின் கடைசியில், ஜமேக்காவின் ரெகே இசை இந்த ஊர் வானொலியிலும் வீட்டு வரவேற்பறைகளிலும் புகுந்த காலத்தில், சாப்பாட்டு இடைவேளையில் ஒருவர் முனக, மற்றவர் மேலே ஒரு குரல் வைக்க, மூன்றாமவர் நடுவில் ஒன்றை வைக்க, குழு அங்கேயே பிறந்துவிட்டது. கீழே டிரம்மும் பேஸ் கிட்டாரும் நிதானமாக நடக்கும். மேலே மூன்று குரல்கள் ஒன்றோடொன்று உரசாமல் போகும். பாடல்களின் பொருள் பெரும்பாலும் விடுதலையும் கடவுளும் வாடகை கொடுக்க முடியாத கஷ்டமும்.

நான் அவர்களோடு சேர்ந்தது தொண்ணூறில். அதற்குள் அவர்கள் பப்களிலும் கல்யாணங்களிலும் மாவோரிகள் கூடுகிற மரே முற்றங்களிலும் ஒரு சிறைச்சாலை மண்டபத்திலும் பாடி முடித்திருந்தார்கள். டிரம்காரர்கள் வந்தார்கள், போனார்கள். கிட்டார்காரர்கள் கல்யாணம் கட்டி ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். அந்த மூன்று பேர் மட்டும் மாறவில்லை. நான் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு பப்பில் மின்சாரம் போய்விட்டது. நான் டோர்ச்சும் கையுமாக ஃபியூஸைத் தேடிக்கொண்டிருக்க, அவர்கள் பாட்டை நிறுத்தவே இல்லை. மின்சாரம் வந்தபோது பாட்டு கடைசி அடியில் இருந்தது. "வந்துட்டியா டோனி?" என்று ஹேமி மைக்கிலேயே கேட்டார். அந்தோனி என்ற என் பெயரை அவர்கள் டோனி ஆக்கியிருந்தார்கள். சனம் சிரித்தது. இவர்களுக்கு நான் எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை என்று எனக்குத் தெளிவானது அப்போதுதான்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மேடையேறுவதற்கு முன் மூன்று பேரும் பின்னால் வட்டமாக, தலையோடு தலை முட்டுகிற மாதிரி நிற்பார்கள். பேஸ்காரர் ஓரடி தள்ளிக் காது கொடுத்து நிற்பார். ஹேமி முதல் பாட்டின் சுருதியை முனகுவார். அதன்மேல் சாமி நடுக்குரலை வைப்பார், அதற்கும் மேலே சியோனே மெல்லிய உச்சக்குரலை வைப்பார். மூன்றும் பொருந்தியதும் பேஸ்காரர் அந்தச் சுருதியை மனதில் ஏந்திக்கொண்டு மேடைக்குப் போய் முன்னிசையைத் தொடங்குவார். மற்ற வாத்தியங்கள் அவரைப் பின்தொடரும். அவர்களுடைய முன்னிசை நீளமானது. அதனால் வட்டம் கலையும்வரை நானும் பின்னால் நின்றுவிட்டு, முன்னிசை ஓடும்போது முன்னால் போய் என் மேசையில் உட்காருவேன்.

ஹேமி ஏன் அந்தச் சுருதியைக் கொடுக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு இது விசித்திரமாகவே படவில்லை. எங்கள் மன்னார்க் கத்தோலிக்கக் கோயிலிலும் பாட்டைத் தொடங்குகிறவர் உயரத்தில் பிடித்துவிட்டால், நாங்கள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திப் பாடி முடிப்போமே தவிர, பூசை நடுவில் அவரைத் திருத்தமாட்டோம். சமோவா தேவாலயத்திலும் அப்படித்தான், மரேயிலும் அப்படித்தான், ஃபிஜிச் சங்கத்துப் பஜனையிலும் அப்படித்தான். நாலு ஊர்களில் வளர்ந்த நாலு பேருக்கும் ஒரே மரியாதை, ஒரே பிழை.

அந்த ஞாயிறு மற்றவற்றைவிடக் கனமான நாளாக ஆனதற்குக் காரணம் இருந்தது. பூங்காவில் நடக்கும் அந்த மாலை நிகழ்ச்சியை ஒரு நிறுவனம் நேரடி இசைத்தட்டாகப் பதிவு செய்யப் போகிறது. சிட்னியிலிருந்து தயாரிப்பாளர் ஒருவர் வந்திருந்தார். மேடைக்குப் பின்னால் பதிவு லாரி நின்றது. ட்ராம்போன், ட்ரம்பெட், சாக்ஸபோன் வாசிக்க மூன்று பேரைப் புதிதாகப் பிடித்திருந்தார்கள். அவர்களுக்கு முதல் இசைத்தட்டில் இருந்த அதே சுருதியில் தாள்கள் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. ஹேமியிடம் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. எப்போதும் அந்தச் சுருதியில்தானே பாடுகிறோம் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் ஹேமியின் தொண்டை சரியில்லை. நவம்பரில் மருத்துவர் பார்த்து, குரல் நாணில் ஒரு தடிப்பு இருக்கிறது, சின்ன அறுவைச் சிகிச்சை போதும், அதற்குப் பிறகு சில வாரங்கள் வாயே திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். தள்ளிப்போட்டு உயரத்தில் கத்திக்கொண்டே இருந்தால் குரல் திரும்பாமலே போகலாம் என்றும் சொல்லியிருந்தார். ஹேமி இதை எங்கள் எல்லோரிடமும் சொன்னார். தேதி தந்தார்கள், அதைத் தள்ளிப்போட்டார். ஏன் என்று கேட்டோம்.

"நான் வாயை மூடினா சுருதி யார் குடுக்கிறது, ப்ரோ?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நண்பகல் ஒத்திகையில் முதல் பாட்டின் உச்ச அடியில் அவருடைய குரல் உடைந்தது. இருமினார், புல்லு வெட்டின தூசி என்றார், தண்ணீர் குடித்தார். இரண்டாவது தடவை உடையவில்லை. ஆனால் உடையாமல் இருப்பதற்கு அவர் என்ன செய்தார் என்று என் காதுப்பொறியில் எனக்குக் கேட்டது. இரும்புக் கம்பியை வளைப்பது மாதிரி இருந்தது.

தயாரிப்பாளருக்கும் கேட்டிருக்கிறது. என் மேசைக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. தன் வேலை தெரிந்தவர். முதல் இசைத்தட்டில் பதிவான ஹேமியின் குரல் மட்டும் ஒரு நாடாவில் லாரியில் இருக்கிறதாம். அதை ஒரு கேபிளில் என் மேசைக்கு அனுப்புவாராம். ஹேமி தடுமாறினால் நான் மேசையில் அந்த நாடாவுக்கான வரிசையின் சத்தத்தை மெதுவாகத் தூக்க வேண்டும். ஒரே சுருதி, ஒரே வேகம், வெயிலில் படுத்திருக்கிற சனத்துக்கு ஒன்றும் தெரியாது.

ஹேமிக்குத் தெரியும் என்றேன்.

ஹேமி நன்றி சொல்லுவார் என்றார் அவர். கேபிள் வந்தது, செருகப்பட்டது. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த நிறுவனம் தருகிற வேலை அந்த வருடம் எனக்குப் பெரிய உதவி. வீட்டுக்கு மோர்ட்கேஜ் கடன் ஓடிக்கொண்டிருந்தது. நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்பதற்காக உடனே வாயைத் திறக்க வேண்டும் என்றில்லை. முதலில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எனக்கு இந்தத் தொழிலில் முதல் வேலை தந்தவர் ஒனஹங்காவில் ஒலிச் சாமான் வாடகைக்கு விட்டவர். அதிகம் பேசமாட்டார். அவர் எனக்குச் சொன்ன பாடம் ஒன்றே ஒன்றுதான்: எதையும் திருகுவதற்கு முன் அவர்கள் நிற்கிற இடத்தில் போய் நில். அதைத்தான் செய்தேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம் வெறும் மேடையில் ஏறி, மூன்று மைக்குக்கும் முன்னால் ஒவ்வொன்றாக நின்று, ஒத்திகைப் பதிவை, பாடுகிறவர்கள் குரல்களைக் கேட்பதற்காக அவரவர் காலடியில் வைக்கிற தரை ஒலிபெருக்கிகளில் ஓடவிட்டுக் கேட்டேன். ஹேமியின் இடத்தில் சியோனேயின் குரல்தான் சத்தமாக வந்தது. ஹேமி எப்போதும் அப்படித்தான் கேட்டு வாங்குவார். சியோனேயின் இடத்தில் ஹேமியின் குரல் சத்தமாக இருந்தது. அதுவும் சியோனே கேட்டு வாங்கியதுதான். நடுவில் சாமியின் இடத்தில் இரண்டும் சமம். இத்தனை வருடம் நானே வைத்துக் கொடுத்த அளவுகள். ஒருவர் மற்றவரையே கேட்டுக்கொண்டு பாடுகிறார் என்பது அன்றுதான் உறைத்தது.

டிரம் மேடையின் ஓரத்தில் சாமி உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். நான் அவரைக் கவனிக்கவில்லை.

"என்னாண்ணே, பாடப் போறீங்களா?"

"நான் பாடினா சனம் எழும்பிப் போயிடும். சாமி, ஒன்று கேக்கிறன். ஹேமிக்கு இந்தச் சுருதி எட்டுதில்லை. ஏன் விடாமப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்?"

சாமி கூடாரத்துப் பக்கம் பார்த்தார். வீட்டில் அவர் பேசுவது ஃபிஜி இந்தி. அப்பாவிடம் கற்ற தமிழை, மற்ற இருவருக்கும் விளங்கக் கூடாது என்றால் மட்டும் என்னோடு எடுப்பார்.

"அவனுக்காவ இல்லண்ணே. சியோனேக்காவ. கீழ எறக்கினா சியோனே கொரலு மின்னாதாம். அந்த எடத்துலதான் அது அழகாம். 'அவங்கிட்ட சொல்லிடாத'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்."

"சியோனே என்ன சொல்லுறார்?"

சாமி கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அவனுக்கும் எட்டல. ரொம்ப நாளா எட்டல. ஹேமி குடுத்த சுருதியாச்சே, எறக்கச் சொன்னா அவன் மனசு நோவும்னு கத்திக்கிட்டு கெடக்கான். அவனும் சத்தியம் வாங்கியிருக்கான்."

"கர்த்தரே. நீங்கள் ஏன் பேசாம இருந்தனீங்கள்?"

"ரெண்டு சத்தியம்ண்ணே. நடுவுல நிக்கிறவனுக்கு எந்தச் சுருதியும் ஒண்ணுதான், பாடிட்டுப் போறேன்." பக்கத்து டிரம்மை விரலால் தட்டினார். "அந்தச் சுருதி எங்கேருந்து வந்திச்சு தெரியுமா? அட்டை மிஷின்லேருந்து. அது உறுமும் பாருங்க, அதுலதான் ஹேமி மொதமொத புடிச்சான். அந்த மிஷின வித்து எவ்ளோ வருசமாச்சு. இதுங்க ரெண்டும் இன்னும் அதுக்கு பயந்துகிட்டுப் பாடுதுங்க."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. நேரம்தான் வந்துகொண்டிருந்தது. புல்வெளியில் ஐஸ் பெட்டிகளும் பாய்களுமாகக் குடும்பங்கள் நிரம்பத் தொடங்கியிருந்தன.

"உங்க மேசையில எதையாச்சும் திருகி தூக்கி உட முடியாதா?" என்று சாமி கேட்டார்.

"தூக்கலாம். தாரா வாத்துக் கத்தின மாதிரிக் கேக்கும்."

"அப்ப நீங்களே போயி ஹேமிகிட்ட சொல்லுங்க. உங்க பேச்சக் கேப்பான்."

இந்த இடத்தில் நான் யோசித்ததை அப்படியே எழுதுகிறேன். மேடைக்குச் சற்று முன்னால் நான் போய் ஹேமியிடம் சொன்னால், இத்தனை காலம் சியோனே தனக்காகக் கஷ்டப்பட்டார் என்பது அவருக்குத் தெரியவரும். சியோனேக்கும் தெரியவரும். இரண்டு பேரும் குரலைக் கொண்டுபோக வேண்டிய இடத்துக்குக் குற்ற உணர்ச்சியைக் கொண்டுபோவார்கள். தயாரிப்பாளரிடம் சொன்னால் அவர் நாடாவைத்தான் நம்புவார். உண்மை என்பதற்காக ஒன்றை எந்த நேரத்திலும் சொல்லிவிட முடியாது. மேடைக்கு முன் ஒரு பாடகரிடம் அவர் அங்கே பாவிக்கக்கூடியதைத்தான் சொல்ல வேண்டும். மற்றவை பாட்டு முடியும்வரை காத்திருக்கும்.

"நான் சொன்னா அது கதை, சாமி," என்றேன். "நீங்கள் குடுத்தா அது சுருதி."

அவருக்கு விளங்கியது. முகம் மாறியது.

"நானா? ஹேமி இருக்கும்போதா?"

"உங்கட பஜனையில யார் தொடங்குறது?"

"எங்கப்பா."

"அவருக்குப் பிறகு?"

"நாந்தான்னு வெச்சிருந்தாங்க. நான் இங்க ஓடியாந்துட்டேன்." சாமி எழுந்தார். ரொட்டி சுற்றின தாளைக் கசக்கிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். செய்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சற்று முன் நான் தயாரிப்பாளரிடம் இருந்த மாதிரியே.

ஆகவே, எது நடந்தாலும் இடிபடப் போகிறவர்கள் யார் என்று பார்த்தேன். ஊதுகிற மூன்று பேர். சுருதி மாறினால் அவர்கள் தாளைப் பார்த்து ஊதுகிற முதல் ஸ்வரத்திலேயே எல்லாம் நாறிவிடும். அவர்களுக்குத் தலைமை ட்ராம்போன் வாசித்த பெண்மணி. முதல் பாட்டுக்கு நீங்கள் உடனே வாசிக்க வேண்டாம், கேளுங்கள், பொருந்தினால் மட்டும் உள்ளே வாருங்கள் என்று சொன்னேன். எந்தச் சுருதி என்று கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தாள்களை மடித்துக் காற்றில் பறக்காமல் அவற்றின்மேல் உட்கார்ந்தார். இன்றைக்குத்தான் ஒருவர் எனக்கு ஒழுங்கான பதில் சொல்லியிருக்கிறார் என்றார்.

அடுத்தது கேபிள். மேசைக்கு வந்து, லாரியிலிருந்து வந்த அந்த ஒன்றைக் கழற்றி, ஒழுங்காகச் சுருட்டி, வானில் கொண்டுபோய் வைத்துப் பூட்டினேன். நான் பலவீனமானவன் என்பதால் இல்லை; கையருகில் இருந்தால் எவருடைய கையும் போகும். நெருக்கடி வருவதற்கு முன்பே தீர்மானித்துவிட்டால், நெருக்கடியில் கை சும்மா இருக்கும்.

பிறகு பின்னால் போய் நின்றேன்.

மூன்று பேரும் வட்டமாக நின்றார்கள். பேஸ்காரர் ஓரடி தள்ளிக் காது கொடுத்தார். ஹேமி மூச்சை இழுத்தார். அந்த மூச்சு குரலாவதற்கு முன் சாமி முனகினார்.

ஒரு கட்டை கீழே. சத்தமாகக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, தலையைத் தூக்காமல், நீளமாகப் பிடித்தார்.

ஹேமியின் வாய் திறந்தபடி நின்றது. பேஸ்காரர் சாமியைப் பார்க்கவில்லை, ஹேமியைத்தான் பார்த்தார். நான் மின்சாரம் போன மேடைகளைப் பார்த்திருக்கிறேன். காற்றில் கூரை பறந்த மேடையையும் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் செய்வதற்கு எனக்கு ஏதாவது இருந்தது. இங்கே ஒன்றும் இல்லை. சாமியின் மூச்சு முடியப் போகிறது, குரல் மெல்லிதாகிறது, அவர் இன்னும் விடவில்லை.

எப்போதும் கடைசியாக வருகிற சியோனேதான் முதலில் வந்தார். சாமியின் சுருதிக்கு மேல் தன் உச்சக்குரலை வைத்தார். நாள் முழுவதும் நின்று வேலை செய்தவர் கதிரை கிடைத்து உட்காருவது மாதிரி அந்தக் குரல் வந்து உட்கார்ந்தது. அவருடைய தோள்கள் இறங்கின. ஹேமி அதைக் கேட்டார். கீழே இறக்கினால் மின்னாது என்று அவர் பயந்த குரல் அதுதான். அது மின்னியது. அவர் சியோனேயைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்து தன் குரலை எடுத்து இரண்டுக்கும் அடியில் வைத்தார்.

பேஸ்காரர் போனார். நான் ஓடவில்லை. ஒலி பார்க்கிறவர் ஓடினால் மேடையில் நிற்கிறவர்கள் பயப்படுவார்கள். வேகமாக நடந்தேன்.

மேசையில் உட்கார்ந்து காதுப்பொறியை மாட்டியதுமே லாரியிலிருந்து தயாரிப்பாளரின் குரல் வந்தது. சுருதி தப்பு என்றார். தப்பில்லை என்றேன். எல்லாம் ஒரு கட்டை கீழே இருக்கிறது, நாடாவோடு சேராது, என்றாலும் அந்த வரிசையைத் தயாராக வை என்றார்.

"கேபிள் வானில் இருக்கிறது. வான் பூட்டியிருக்கிறது," என்றேன்.

இந்தச் சஞ்சிகையில் எழுத முடியாத ஒரு சொல் வந்தது. அதற்குள் ஹேமி பாடத் தொடங்கிவிட்டார். இளமையான குரல் இல்லை. கரடுமுரடான, மணல் கலந்த குரல். ஆனால் தரையில் கால் பதித்து நடந்தது. உச்ச அடி வந்தது. மேசையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உடையவில்லை. இரண்டாம் சரணத்தில் ட்ராம்போன் கீழே ஒரே ஒரு நீண்ட ஸ்வரத்தை வைத்தது. பொருந்தியதும் மற்ற இரண்டும் பின்னால் வந்தன. காதுப்பொறியில், "சரி, ஓடட்டும்," என்று மட்டும் வந்தது. மூன்றாம் பாட்டுக்குள் தாள்கள் தண்ணீர்ப் போத்தல்களுக்கு அடியில் போய்விட்டன.

நிகழ்ச்சி முடிந்து வெயில் சாயும்போது மேடைக்குப் பின்னால் ஹேமி ஒரு சாமான் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். சியோனே துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"உனக்கு யார் சொன்னது?" என்று ஹேமி சாமியைக் கேட்டார்.

"யாரும் சொல்லல. டோனியோட மேசை பழுதாப் போச்சு."

ஹேமி சிரிக்கவில்லை. சியோனேயிடம் திரும்பினார். "கீழ எறக்கினா உன் குரல் மின்னாதுன்னு நெனச்சேன்."

"எனக்கா?" சியோனே துவாயைக் கீழே இறக்கினார். "உனக்காகத்தானே இத்தனை நாளும் கத்திக்கிட்டு இருந்தேன்."

ஹேமி அவரைப் பார்த்தார். பிறகு சாமியைப் பார்த்தார். "நீ நடுவுல நின்னு ரெண்டையும் கேட்டுக்கிட்டே இருந்தியா?"

"சத்தியம் வாங்கினது நீங்க ரெண்டு பேரும்தான். ஆளுக்கு ஒண்ணு. மிஷினு மட்டும்தான் எங்கிட்ட எதையும் வாங்கல."

முதலில் சியோனேதான் சிரித்தார். அவர் சிரிப்பு பெரியது. லாரிக்குள் இருந்தவர்களே எட்டிப் பார்த்தார்கள். ஹேமி முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிப்பா வேறா என்று நான் பார்க்கவில்லை, கேபிளைச் சுருட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"டோனி, நாளைக்குக் காலையில வீட்டில இருப்பியா?"

இருப்பேன் என்றேன்.

அந்த இசைத்தட்டு வெளிவந்தது. முதல் பாட்டு ஒரு கட்டை கீழேதான் இருக்கிறது. யாரும் குறை சொல்லவில்லை. தயாரிப்பாளர் பிறகும் எனக்கு வேலை தந்தார். ஒவ்வொரு தடவையும், எல்லாக் கேபிளும் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார். ஹேமி இல்லாத மாதங்களில் சாமியும் சியோனேயும் சின்ன மேடைகளில் இரண்டு குரலில் பாடினார்கள். சாமிதான் சுருதி கொடுத்தார். செப்டம்பரில், இங்கே வசந்தம் தொடங்குகிற நேரம், ஹேமி திரும்பி வந்தார். வட்டத்தில் நின்று, தலையைக் குனிந்து, சாமியின் முனகலுக்காகக் காத்திருந்தார். அதற்குப் பிறகு பல வருடம் அப்படித்தான் நடந்தது. அந்த இடத்துக்குப் போய்ச் சேர நான் செய்தது மிகக் கொஞ்சம்: ஒருவரிடம் சொன்னேன், இருவரிடம் சொல்லவில்லை, ஒரு கேபிளைக் கழற்றினேன். நம் தொழிலில் நல்ல நாள் என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். அதைச் சரியான ஆளிடம், சரியான நேரத்தில் செய்யுங்கள்.

திங்கட்கிழமை காலை நான் மைக் மூடிகளைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் ஹேமி நின்றார். தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டாராம். சியோனேயைக் கொண்டு சொல்லுவித்தாராம். இனிமேல் தலையாட்டினால் போதும் என்றேன். தலையாட்டினார். தேநீரில் தேன் விட்டுக் கொடுத்தேன். மருத்துவரின் அலுவலகம் திறக்கிற நேரம் வந்ததும், முதல் வேலையாகத் தொலைபேசியை எடுத்து, நவம்பரில் தள்ளிப்போட்ட அறுவைச் சிகிச்சைக்கு நாள் கேட்டேன்.

நோயாளியால் பேச முடியாதா என்று அந்தப் பெண் கேட்டார்.

முடியும், ஆனால் இன்று முதல் பேசுவதில்லை என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம் என்றேன்.

நாங்கள் என்றால் யார் என்று கேட்டார்.

நான் ஹேமியைப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்காமல் மூன்று விரலைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, நான்காவதையும் நீட்டினார்.